நச்சுக் கழிவும் நிலத்தடி நீரும்

(கல்விக் கழக வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கும் இந்நன்னாளில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். அப்பணியைத் தட்டாமல் ஏற்றுக்கொண்டேன். ஆயினும் கல்வியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதை ஒரு கிணற்றின் கதையிலிருந்து தொடங்குவதற்கு உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

நான் பிறந்த ஊரில் எங்கள் சேரிக்கென்று ஒரே ஒரு கிணறு இருந்தது. ஊர்க் கிணற்றில் நம்மவர் நீர் மொள்ள இயலாத காலத்தில், எங்கள் பாட்டனார்கள் கூடித் தாமே வெட்டிய கிணறு அது. பின்னாளில் அதற்கு மேற்கே மேட்டு நிலத்தில் குழி வெட்டி, ஒரு தொழிற்சாலையின் கழிவைக் கொட்டத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் கிணற்று நீரில் உவர்ப்பு ஏறியது. சோறு வடித்தால் நிறம் மாறியது. எங்கள் பெரியவர்கள் நால்வர் மனு எழுதிக்கொண்டு அலுவலகத்திற்குச் சென்றனர். அங்கிருந்த அதிகாரி கடிந்து பேசவில்லை. மனுவை முழுவதும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கழிவு கொட்டுவதற்கு முன்பு உங்கள் கிணற்று நீர் எப்படி இருந்தது? அதற்கு எழுத்தில் ஏதேனும் சான்று உண்டா?"

எங்களிடம் சான்று இல்லை. நீரின் பழைய சுவை எங்கள் தாய்மார்களின் நாவுக்குத் தெரியும். அது எந்தக் காகிதத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. மனு அத்துடன் நின்றுவிட்டது.

பல ஆண்டுகள் கழித்து, நான் வேதியியல் பயின்று ஆசிரியனான பிறகுதான் ஓர் உண்மையை அறிந்தேன். அந்தக் கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் அதனை எங்கள் பெரியவர்களிடம் கேட்டிருக்கக் கூடாது. குழி வெட்டியவரிடம் கேட்டிருக்க வேண்டும். நச்சுக் கழிவைப் புதைப்பவனே சுற்றியுள்ள நிலத்தடி நீருக்குக் கணக்கு வைக்க வேண்டும், அக்கணக்கை அரசுக்கு எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும் என்று சட்டம் செய்த நாடுகள் உண்டு. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நீரும் சான்றும்

தண்ணீருக்காகச் சான்று தேடுவது நமக்குப் புதிதன்று. பொதுக் குளங்களும் கிணறுகளும் தாழ்த்தப்பட்டோருக்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923 ஆம் ஆண்டிலேயே தீர்மானம் செய்தது. மகாடு நகராட்சியும் அதனை ஏற்றது. எனினும் சவுதார் குளத்து நீரை நம் மக்களால் தொட முடியவில்லை. 1927 மார்ச் 20 ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் நடந்து சென்று அந்நீரை அருந்தினார். பின்னர் வழக்கு நீதிமன்றம் ஏறிப் பத்தாண்டுகள் நடந்தது. 1937 இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது. பிறரை விலக்கும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வருவதாக எதிர்த் தரப்பினர் கூறினரே தவிர, அதனை மெய்ப்பிக்க அவர்களால் இயலவில்லை.

இதிலிருந்து இரண்டு செய்திகளை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். உரிமை காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது, அதனை எடுத்துப் பயன்படுத்த மனிதர்கள் வேண்டும் என்பது முதலாவது. மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதே பெரும்பாலும் வழக்கின் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது இரண்டாவது.

நஞ்சு நீரை அடையும் விதம்

மண்ணில் புதைத்த கழிவு அப்படியே கிடப்பதில்லை. அதன்மேல் மழை பெய்கிறது. மழைநீர் கழிவினூடே இறங்கும்போது அதில் கரையக்கூடியவற்றையெல்லாம் கரைத்துக்கொண்டு கீழே செல்கிறது. தேயிலைத் தூளின்மேல் வெந்நீர் ஊற்றினால் சாறு இறங்குவது போன்றதே இது. இந்தக் கழிவுச் சாறு மண்ணைக் கடந்து நிலத்தடி நீரில் கலக்கிறது.

நிலத்தடி நீர் குளம்போல் ஓரிடத்தில் தேங்கி நிற்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது மேட்டிலிருந்து தாழ்வை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. மணற்பாங்கான இடத்தில் சற்று விரைவாகவும், களிமண்ணில் மிக மெதுவாகவும் நகரும். ஓராண்டில் சில அடிகள் மட்டுமே நகரும் இடங்களும் உண்டு. ஆகவே, இன்று புதைத்த கழிவின் நஞ்சு நம் பிள்ளைகள் வளர்ந்து குடும்பத்தினர் ஆன பிறகு கிணற்றில் தோன்றலாம். அப்போது தொழிற்சாலை மூடப்பட்டிருக்கும். உரிமையாளர் ஊரை விட்டே போயிருப்பார். அந்த நீரில் நிறமாற்றமோ நாற்றமோ இருக்க வேண்டும் என்பதும் இல்லை. காட்மியம், ஈயம், ஆர்சனிக் போன்றவை தெளிந்த நீரிலும் இருக்கக்கூடும்.

சட்டம் கேட்கும் கணக்கு

இக்கணக்கை விரிவாக வகுத்த நாடுகளுள் அமெரிக்காவும் ஒன்று. அந்நாட்டில் நயாகரா அருவி நகரத்தின் லவ் கால்வாய்ப் பகுதியில், பழைய கால்வாயொன்றில் புதைத்த இரசாயனக் கழிவின்மேல் பள்ளியும் வீடுகளும் எழுந்தன. 1978 இல் அங்கு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு மக்கள் வெளியேற்றப்பட்டனர். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, 1976 இல், கழிவுகளை முறைப்படுத்தும் சட்டம் அங்கு நிறைவேறியிருந்தது. அச்சட்டத்தின்கீழ் 1980 மே மாதம் வெளியான விதிகள்தாம் நிலத்தடி நீரின் கணக்கை ஒழுங்காக வரையறுத்தன. அவற்றின் சாரத்தைச் சொல்கிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, கிணறுகள். ஆலைக் கழிவு ஆற்றில் கலக்கிறதா என்று அறிய, ஆலைக்கு மேலே ஒரு குடமும் கீழே ஒரு குடமும் நீர் மொண்டு ஒப்பிடுவோம் அல்லவா? அதே முறைதான் இங்கும். நிலத்தடி நீர் கழிவிடத்தை நோக்கி வரும் மேல்புறத்தில் குறைந்தது ஒரு கிணறும், கழிவிடத்தைக் கடந்து செல்லும் கீழ்புறத்தில் குறைந்தது மூன்று கிணறுகளும் அமைக்க வேண்டும். மேல்புறக் கிணறு நீரின் இயற்கை நிலையைச் சொல்லும். கீழ்புறக் கிணறுகள் கழிவினால் நேர்ந்த மாற்றத்தைச் சொல்லும். மேற்பரப்பு நீர் பக்கவாட்டில் இறங்கிக் கலந்துவிடாதபடி கிணற்றுக் குழாயைச் சுற்றி அடைக்க வேண்டும்.

இரண்டாவது, முதலாண்டுக் கணக்கு. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நீரை எடுத்துச் சோதித்து, அந்த இடத்து நீரின் அடிப்படை அளவுகளைப் பதிவு செய்ய வேண்டும். ஆர்சனிக், காட்மியம், குரோமியம், ஈயம், பாதரசம் முதலியவை குடிநீருக்குரிய வரம்புக்குள் இருக்கின்றனவா என்றும் அந்த ஆண்டில் பார்க்க வேண்டும். எங்கள் பெரியவர்களிடம் அதிகாரி கேட்டாரே, "முன்பு எப்படி இருந்தது?" என்று, அதற்கான விடையை எழுதி வைப்பதே இந்த முதலாண்டின் வேலை.

மூன்றாவது, தொடர்ந்த சோதனை. அதன்பின் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை நான்கு அடையாளங்களைப் பார்க்க வேண்டும். நீரின் அமில காரத் தன்மை, மின் கடத்தும் திறன், மொத்தக் கரிமக் கரி, ஆலசன் கலந்த கரிமப் பொருள்கள் ஆகியவையே அந்த நான்கு. நீர் எடுக்கும் ஒவ்வொரு முறையும் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். மட்டம் மாறினால் நீர் செல்லும் திசையும் மாறியிருக்கக்கூடும் என்பதே காரணம். நீர் மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்பதற்கும் பதிவு இருக்க வேண்டும்.

நான்காவது, அறிவிப்பு. முதலாண்டில் ஒவ்வொரு காலாண்டுச் சோதனையும் முடிந்த 15 நாள்களுக்குள் முடிவுகளை அனுப்ப வேண்டும். பின்னர் ஆண்டுதோறும் மார்ச் 1 ஆம் நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். கீழ்புறக் கிணற்றின் அளவு மாறியிருந்தால், அது தற்செயலான ஏற்றத்தாழ்வா, உண்மையான மாற்றமா என்பதைப் புள்ளியியல் முறைப்படி கணக்கிட வேண்டும். உண்மையான மாற்றமாகத் தோன்றினால் உடனே மீண்டும் நீரெடுத்துச் சோதிக்க வேண்டும். அதிலும் உறுதியானால் 7 நாள்களுக்குள் அரசுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நஞ்சு எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் பரவியிருக்கிறது என்று ஆராயும் திட்டத்தை அடுத்த 15 நாள்களுக்குள் அளிக்க வேண்டும்.

ஐந்தாவது, காலம். கழிவிடத்தை மூடிவிட்டால் கடமை முடிந்துவிடாது. மூடிய பின்னும் பொதுவாக 30 ஆண்டுகள் கண்காணிப்புத் தொடர வேண்டும்.

இக்கடமைகள் எவ்வளவு வலிமையுள்ளவை என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன். தற்காலிக அனுமதியில் நடந்து வந்த கழிவிடங்கள், கிணறுகளின் கண்காணிப்பும் பொறுப்பேற்கத் தேவையான நிதியும் விதிப்படி உள்ளன என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும் என 1984 இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு 1985 நவம்பர் 8 கடைசி நாள். எழுதித் தராதவர் கழிவை ஏற்கும் உரிமையை இழப்பர். அந்த நாள் வந்தபோது பெரும்பாலான இடங்கள் உறுதியளிக்க இயலாமல் உரிமையை இழந்தன. ஐந்தாண்டுகளாக விதி இருந்தும், அதன்படி நடந்தோமென்று கையெழுத்திடத் துணிந்தவர் சிலரே!

வாரன் மாவட்டத்தின் படிப்பினை

இத்தகைய விதிகள் இருந்தும், நச்சுக் கழிவு யாருடைய வீட்டருகே போய்ச் சேருகிறது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. இக்கேள்வியை எழுப்பியவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். அவர்களுக்கும் நமக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததன்று. 1946 ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் கறுப்பினத் தலைவர் டு பாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதினார். அவரும் பரிவுடன் மறுமொழி எழுதினார். 1972 இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கம் தன் பெயரையே அவர்களிடமிருந்து பெற்றது.

1978 ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தில், மின்மாற்றிகளில் பயன்பட்ட பி.சி.பி. என்னும் நச்சுப் பொருள் கலந்த எண்ணெயைச் சிலர் இரவு நேரங்களில் இலாரியிலிருந்து சாலையோரங்களில் ஒழுகவிட்டனர். 200 மைலுக்கும் மேற்பட்ட சாலையோரம் நஞ்சாயிற்று. அந்த மண்ணையெல்லாம் தோண்டி ஓரிடத்தில் புதைக்க மாநில அரசு முடிவு செய்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் வாரன் மாவட்டம். அங்கு வாழ்ந்தவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர், ஏழைகள், கிணற்று நீரைக் குடிப்பவர்கள்.

பி.சி.பி. புதைகுழிக்குத் தனிச் சட்டம் உண்டு. புதைகுழியின் அடித்தளத்திற்கும் நிலத்தடி நீரின் மிக உயர்ந்த மட்டத்திற்கும் இடையே 50 அடி இருக்க வேண்டும் என்பது அதன் விதி. வாரன் மாவட்டத்தில் நீர்மட்டம் உயரமாக இருந்தது, அந்த இடைவெளி அங்குக் கிடையாது. விதிக்குப் பொருந்தாத இடம் என்று விடப்படவில்லை. இடத்திற்காக விதி தளர்த்தப்பட்டது.

1982 செப்டம்பரில் இலாரிகள் வரத் தொடங்கியபோது மக்கள் சாலையில் படுத்து மறித்தனர். தாய்மார்களும் சிறுவர்களும் சமயத் தலைவர்களும் உட்பட 500 க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். கைதானவர்களுள் ஒருவரான நாடாளுமன்றப் பிரதிநிதி வால்டர் பாண்ட்ராய், இதனை ஆராயுமாறு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகத்தைக் கேட்டுக்கொண்டார். 1983 இல் வெளிவந்த அவ்வறிக்கை, தென்கிழக்கு மாநிலங்களில் இருந்த இத்தகைய நான்கு பெரும் கழிவிடங்களுள் மூன்று, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் இடங்களில் அமைந்திருப்பதை எடுத்துக் காட்டியது.

இருந்தும் இலாரிகள் நிற்கவில்லை. குழி நிரப்பப்பட்டு மூடப்பட்டது. அன்று தோற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. தக்க தொழில்நுட்பம் கிடைக்கும்போது குழியின் நஞ்சை நீக்குவோம் என்று ஆளுநர் ஜேம்ஸ் ஹண்ட் வாக்களித்திருந்தார். அவ்வாக்கை மக்கள் மறக்கவில்லை. 1993 இல், மூடிய குழிக்குள் சுமார் பத்து லட்சம் காலன் நீர் தேங்கியிருப்பது வெளிப்பட்டது. நீர் புகாத குழி என்று சொல்லப்பட்டதன் நிலை இது! மக்கள் ஆளுநரின் வாக்கை எடுத்துக் காட்டினர். அரசும் மக்களும் சேர்ந்த குழு அமைந்தது. அக்குழுவில் அரசின் அறிவியலாளரை மட்டும் நம்பியிராமல், தம் பக்கம் நின்று சோதனை முடிவுகளைப் படித்துச் சொல்லும் அறிவியலாளர்களையும் மக்கள் கேட்டுப் பெற்றனர். 2003 ஆம் ஆண்டளவில் அந்த மண் தோண்டியெடுக்கப்பட்டு, சூடேற்றி நஞ்சு நீக்கப்பட்டது. சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலர் செலவாயிற்று.

இப்போராட்டத்தின் தொடர்ச்சியாக, ஏழைகள் மீதும் சிறுபான்மையினர் மீதும் சூழல் கேடு அளவுக்கு மீறிச் சுமத்தப்படுகிறதா என்று அரசுத் துறைகள் ஆராய வேண்டுமென 1994 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் கிளின்டன் ஆணையிட்டார். அந்த ஆணை 2025 சனவரியில் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆட்சியாளரின் ஆணையை மட்டும் நம்பியிருக்கலாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. போபால் துயரத்திற்குப் பிறகு 1986 இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 1989 இல் அபாயகரமான கழிவு விதிகளும் வந்தன. இப்போது நடைமுறையில் இருப்பவை 2016 ஆம் ஆண்டு விதிகள். கழிவைக் கையாள்பவரும் புதைகுழியை நடத்துபவரும் பதிவேடு வைக்க வேண்டும். ஆண்டுதோறும் சூன் 30 ஆம் நாளுக்குள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்குக் கணக்கு அளிக்க வேண்டும். புதைகுழியை மூடிய பின்னும் நடத்தியவரின் பொறுப்புத் தொடர்கிறது.

நம் கண்முன்னே இராணிப்பேட்டை இருக்கிறது. அங்கு 1995 ஆம் ஆண்டளவில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று விட்டுச் சென்ற குரோமியக் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்டது. அது அடித்தளப் பாதுகாப்பின்றித் திறந்த வெளியில் குவிக்கப்பட்டு, நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. கணக்கு கேட்கப்படாத இடத்தில் நடப்பது இதுதான்.

கணக்கு எடுத்தவர்களின் கதையும் நம்மிடம் உண்டு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டு 28 ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவனே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்பதும், கேடு விளைவிக்காது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவனுடையது என்பதும் இந்நாட்டின் சட்டமாகும் என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது. திண்டுக்கல் வட்டாரத்தின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு கிணறு கிணறாகச் சென்று எடுத்த கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்பதே அக்கணக்கு. நடந்து சென்று எண்ணி எழுதியவர்களின் எண்ணிக்கை உச்சநீதிமன்றத்தின் ஏட்டில் ஏறியது. எங்கள் பெரியவர்களிடம் இல்லாதது அதுதான்.

இளைஞர்களுக்கு

மாணவச் செல்வங்களே! உங்களிடம் நான் மூன்று செயல்களை வேண்டுகிறேன்.

உங்கள் குடியிருப்பின் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆழ்குழாய்க்கும் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் நீர்மட்டம், நிறம், சுவை, அமில காரத் தன்மை, மின் கடத்தும் திறன் ஆகியவற்றை நாளிட்டு எழுதுங்கள். நஞ்சு இருக்கும் என்ற ஐயம் உள்ள நீரைச் சுவைத்துப் பார்க்க வேண்டா. இவ்வெளிய சோதனைகள் எல்லா நஞ்சையும் காட்டிவிடும் என்று நினைக்கவும் வேண்டா. மாற்றம் தெரிந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் முறையாகச் சோதியுங்கள். நல்ல நிலையில் உள்ள கிணற்றுக்கும் குறிப்பேடு வேண்டும். "முன்பு எப்படி இருந்தது?" என்ற கேள்விக்கு அதுவே விடை.

அடுத்து, அருகில் கழிவிடம் இருந்தால் கணக்கைக் கேளுங்கள். கண்காணிப்புக் கிணறுகள் எத்தனை, அவை நீர் வரும் பக்கத்தில் உள்ளனவா, செல்லும் பக்கத்தில் உள்ளனவா, கடைசியாகச் சோதித்த நாள் எது, முடிவு என்ன என்று கேளுங்கள். 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 30 நாள்களுக்குள் விடை பெறும் உரிமையை உங்களுக்கு வழங்கியுள்ளது. பொது அதிகார அமைப்பின் கட்டுப்பாட்டில் உள்ள ஆவணங்களைப் பார்வையிடவும், பொருள்களின் சான்றளித்த மாதிரிகளைப் பெறவும் அச்சட்டத்தில் இடமுண்டு.

மூன்றாவதாக, படியுங்கள். நம் பிள்ளைகளில் சிலர் நிலவியலும் வேதியியலும் சட்டமும் கற்க வேண்டும். கீழ்புறக் கிணற்றின் எண் உயர்ந்திருப்பதைக் கண்டு, அதன் பொருளைத் தம் மக்களுக்கு அவர்தம் மொழியிலேயே எடுத்துச் சொல்லும் ஒருவர் நம் சேரியிலிருந்தே எழ வேண்டும். வாரன் மாவட்ட மக்கள் கேட்டுப் பெற்ற அறிவியலாளரை நாம் நம் வீட்டிலேயே உருவாக்க வேண்டும். இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவரும் பணியின் பயன் அதுவே என்று நான் கருதுகிறேன்.

எங்கள் சேரிக் கிணறு இன்று தூர்ந்து கிடக்கிறது. மனு எடுத்துச் சென்ற நால்வரில் மூவர் மறைந்துவிட்டனர். எஞ்சியிருக்கும் பெரியவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "அந்த அதிகாரி இன்று அதே கேள்வியைக் கேட்டால் நாம் என்ன சொல்வோம், தம்பி?" அவருக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தாம்.